முஸ்கடே: மண்டியில் கிடந்து வரும் வைன்

நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் வேலை செய்யும் மருமகன் போன கிழமை மெனு ஒன்றைப் படம் பிடித்து அனுப்பியிருந்தான். "முஸ்கடே சூர் லீ" என்ற பெயருக்குக் கீழே யாரோ "வண்டலின் மேல் உலர்ந்த வெள்ளை வைன்" என்று தமிழ்ப்படுத்தி வைத்திருக்கிறார்கள். "மாமா, இது வைனோ கருவாடோ?" என்று கேட்கிறான். நியாயமான கேள்விதான்.

முதலில் பெயர். சாம்பெய்ன், சாப்லி என்று பிரெஞ்சு வைன்கள் அநேகமாக ஊர்ப்பெயரில் ஓடும். முஸ்கடே என்றொரு ஊர் கிடையாது. "முஸ்க்" என்றால் கத்தூரி, லத்தீன், கிரேக்கம், பாரசீகம் என்று பின்னால் போனால் நம் பக்கத்துக்கே வந்துவிடும் சொல். சாதிக்காயை பிரெஞ்சுக்காரர் முஸ்காத் என்பதும் இதே வேர். இவ்வளவு மணமான பெயரை வைத்துக்கொண்டு அந்த வைனில் கத்தூரியும் மணக்காது, சாதிக்காயும் மணக்காது. மஸ்கட் என்று ஒரு வாசனைப் பழம் இருக்கிறதே, அது வேறு. இரண்டையும் குழப்பாதவர்கள் குறைவு.

இதன் பழத்துக்குப் பெயர் மெலோன் த பூர்கோன். பர்கண்டியில் பிறந்து, லுவார் ஆறு அத்திலாந்திக்கில் விழும் இடத்துக்குக் கிட்ட, நாந்த் நகரத்தைச் சுற்றிக் குடியேறிய கொடி. 1709இல் அடித்த கடுங்குளிரில் அங்கே பழைய கொடிகள் செத்துப்போக, குளிர் தாங்கும் இது நிலைத்துக்கொண்டது. அதற்கு முன்பே அங்கே வெள்ளை வைனுக்கு வழி பண்ணியவர்கள் ஒல்லாந்தர், காய்ச்சி வடிக்க அவர்களுக்கு மெல்லிய வைன் தேவைப்பட்டது. 'எரித்த வைன்' என்ற அவர்களுடைய சொல்தான் தேய்ந்து பிராந்தி ஆனது. 1639இல் நம்முடைய திருகோணமலைக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தவர்களும் இவர்கள்தான்.

சரி, "சூர் லீ". சூர் என்றால் மேல், லீ என்றால் அடியில் படிவது. பழச்சாறு நொதித்து முடிந்ததும் செத்த மதுவம் (ஈஸ்ட்) அடியில் படியும், பல வைன்களை அதிலிருந்து வடித்து எடுத்துவிடுவார்கள், இதையோ குளிர்காலம் முழுக்க அதன் மேலேயே விட்டு, அங்கிருந்தே போத்தலில் அடைப்பார்கள். அதனால் வாயில் கொஞ்சம் கனமும், நாக்கில் லேசான சுறுசுறுப்பும். மதுசாரம் 12 சதவீதம் அளவில்தான் நிற்கும்.

அந்த அடிப்படிவுக்கு "வண்டல்" என்று போட்டால் எனக்கு மூதூர்ப் பக்கம் மகாவலி கொண்டுவந்து கொட்டும் மண்தான் ஞாபகம் வருகிறது. நமக்கு மண்டி இருக்கிறதே! கள்ளு இறக்கி வந்து முட்டியைக் கொஞ்ச நேரம் அசையாமல் வைத்து, பிறகு மெல்லச் சரித்து, மேலே தெளிந்ததைப் பிளாவில் வார்த்துவிட்டு, கடைசி இரண்டு விரற்கடையை ஊற்றாமல் நிறுத்துவார்கள் பாருங்கள், அந்த அடிமண்டியேதான். நாம் கொட்டுவதில் அவர்கள் வைனை ஊறப்போடுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

தெளிந்ததற்கும் சொல் உண்டு: தேறல். தேறு, அதாவது தெளி. புறநானூறு 56ஆம் பாட்டில் நக்கீரர் "யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்" என்கிறார். யவனர் கப்பலில் வந்த சரக்கை அன்றைக்கே தமிழில் சொல்லியாயிற்று.

பழத்துக்கு? நம்மூரில் முந்திரிகை என்றால் திராட்சை, ஆனால் இந்தியாவிலிருந்து வருகிறவர் கஜு என்று நினைப்பார். கொடிமுந்திரி என்றால் சண்டையில்லை. ஆக, கொடிமுந்திரித் தேறல்.

அப்புறம் அந்த "உலர்ந்த". வைனில் அது இனிப்பில்லாதது என்று மட்டுமே பொருள், ஈரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பொரித்த கணவாய்க்கு மேல் தேசிக்காய் பிழிந்தால் எப்படிச் சுருக்கென்று இருக்கும், இந்த வைனின் புளிப்பு அந்த வகை. நாந்த்காரர் சிப்பியோடு குடிப்பதும் அதற்காகத்தான்.

"மண்டியில் ஊறிய கொடிமுந்திரித் தேறல், வெள்ளை, இனிப்பில்லாதது, புளிப்புத் தூக்கல்" என்று எழுதி அனுப்பினேன். "வடிவாத்தான் இருக்கு மாமா, ஆனா சனம் கள்ளெண்டு நினைச்சுக் கேட்டுப்போட்டு விலையைப் பார்த்து என்னை ஏசும்" என்று பதில் வந்தது. கடைசியில் "தேறல்" போய் "வைன்" வந்துவிட்டது. மண்டியை மட்டும் விட்டுவைத்திருக்கிறான்.