கிரானோலா ஏன் நமத்துப் போகுது, ஏன் கருகுது

ஓவன்லேருந்து எடுத்த உடனே கிரானோலாவ (ஓட்ஸ், நட்ஸ், தேன் மாதிரி இனிப்பு எல்லாம் கலந்து சுடற காலைச் சாப்பாடு) கொஞ்சம் வாயில போட்டுப் பார்த்தா மெத்து மெத்துன்னுதான் இருக்கும், உடனே "இன்னும் ஆகல போல"ன்னு ட்ரேய திரும்ப உள்ள தள்ளி இன்னொரு பத்து நிமிஷம் விடுவாங்க, வெளிய வரும்போது ஓரமெல்லாம் கருகி கசந்து போயிருக்கும். வீட்ல கிரானோலா செய்யறவங்க கிட்ட அடிக்கடி கேக்கற கதை இது. முதல் தடவை எடுத்தப்பவே அது சரியாத்தான் இருந்துச்சு. சூடா இருக்கற வரைக்கும் கிரானோலா மொறுமொறுன்னு ஆகாது, ஆறினாத்தான் ஆகும்.

காரணம் சர்க்கரை. ஓட்ஸ் மேல நாம பூசற தேனோ வெல்லப்பாகோ சூட்டுல தண்ணிய இழந்து கெட்டியாகுது, ஆனா அந்த சூட்டுல அது இன்னும் இழுபடற பசை மாதிரிதான் இருக்கு, ஆறும்போதுதான் இறுகி கண்ணாடியாகுது. கண்ணாடின்னு நான் பேச்சுக்கு சொல்லல, விஞ்ஞானத்துலயே அதுக்குப் பேரு அதுதான், மூலக்கூறுகள் ஒழுங்கா அடுக்கிப் படிகமாகாம இருந்த இடத்துலயே உறைஞ்சு நிக்கற நிலை. கடலை மிட்டாய்ல பாகு சூடா இருக்கும்போது வளையும், ஆறினதும் டக்குன்னு உடையும் இல்லையா, அதே விஷயம்தான் இங்க ஓட்ஸ் மேல மெல்லிசா நடக்குது.

எந்த சர்க்கரைங்கறது இங்க ரொம்ப முக்கியம், இத ரெசிபி எழுதறவங்க சொல்றதே இல்ல. சுத்தமா தண்ணி இல்லாத சுக்ரோஸ், அதாவது நம்ம சாதா சர்க்கரை, சுமார் 60 லேருந்து 70 டிகிரி செல்சியஸ்குள்ள ஆறும்போதே கண்ணாடியாகிடும். குளுக்கோஸுக்கு அது சுமார் 31 டிகிரி. ஃப்ரக்டோஸுக்கு, அதாவது பழத்துல இருக்கற சர்க்கரைக்கு, வெறும் 5 டிகிரி பக்கம். தேன்ல பெரும்பகுதி ஃப்ரக்டோஸும் குளுக்கோஸும்தான், போதாததுக்கு ஃப்ரக்டோஸ் காத்துல இருக்கற ஈரத்த இழுக்கற பொருள் வேற. வெயில் காலத்துல நம்ம சமையலறையே 32, 33 டிகிரில இருக்கு, அதனால தேன் மட்டும் போட்ட கிரானோலா நம்ம ஊர்ல பிசுபிசுன்னு ஒட்டறதுல ஆச்சரியமே இல்ல. பாதி தேன் பாதி சர்க்கரைப்பாகு, இல்லன்னா வெல்லப்பாகு போட்டுப் பாருங்க, வித்தியாசம் கடிக்கும்போதே தெரியும். மேப்பிள் சிரப் (மேப்பிள் மரத்துச் சாறக் காய்ச்சின பாகு) போடற அமெரிக்க ரெசிபிங்க மொறுமொறுன்னு வர்றதுக்கும் இதான் காரணம், அதுல இருக்கறது பெரும்பாலும் சுக்ரோஸ்.

இப்ப ஓவனுக்குள்ள வருவோம். 3 கப் ரோல்ட் ஓட்ஸ் (அவல் மாதிரி தட்டின ஓட்ஸ்), 1 கப் நட்ஸ், கால் கப் எண்ணெய், அதவிடக் கொஞ்சம் கூடவா இனிப்பு, அரை ஸ்பூன் உப்பு, 150 டிகிரி, இது பொதுவான கணக்கு. முதல்ல ஒரு பத்து நிமிஷம் ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும், நிறம் மாறாது, கஞ்சி வாசனைதான் வரும், கண்ணாடிக் கதவுல சில சமயம் லேசா ஆவி படியும். தண்ணி ஆவியாகறதுக்கு ஏகப்பட்ட வெப்பம் வேணும், 1 கிலோ தண்ணிக்கு சுமார் 2,260 கிலோஜூல், அதனால ஈரம் இருக்கற வரைக்கும் ஓவன் 150 காட்டினாலும் ஓட்ஸோட சூடு 100 டிகிரியத் தாண்ட ரொம்பத் திணறும். ஈரம் போனதும் தடுக்க ஆள் இல்ல, சூடு வேகமா ஏறும், கஞ்சி வாசனை போய் வறுத்த முந்திரி வாசனை வரும். கடைசி அஞ்சு நிமிஷத்துல கருகறது அதனாலதான், முதல் இருபது நிமிஷம் பாத்துக்கிட்டே நின்னுட்டு கடைசில போன் பேசப் போறவங்க ட்ரேதான் கருகும்.

அந்த நிறமும் வாசனையும் மெயிலார்ட் வினைலேருந்து வருது, 1912ல லூயி கமில் மெயிலார்ட்ங்கற பிரெஞ்சு விஞ்ஞானி எழுதி வச்சது, சில வகை சர்க்கரையும் புரதத்துல இருக்கற அமினோ அமிலமும் சூட்டுல சேர்ந்து நூத்துக்கணக்கான புது வாசனைப் பொருள உண்டாக்குது. குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் இதுல நேரடியா கலந்துக்கும், சுக்ரோஸ் உடைஞ்சாத்தான் கலந்துக்கும். அதோட ஃப்ரக்டோஸ் தனியாவே 110 டிகிரி பக்கம் கேரமலாக ஆரம்பிச்சுடும், சுக்ரோஸுக்கு 160 வேணும். ஆகத் தேன் சீக்கிரம் சிவக்கும், சீக்கிரம் கருகும். தேன் அதிகமா இருந்தா 150க்கு பதிலா 135, 140ல வச்சு நேரத்த நீட்டறது நல்லது. சின்ன ஓடிஜில (மேசை மேல வைக்கற கரண்ட் ஓவன்) மேல இருக்கற சூட்டு ராடு ட்ரேக்கு ரொம்ப கிட்ட இருக்கும், கீழ் தட்டுல வைங்க.

ட்ரேல மொத்தமா குவிச்சுப் பரப்பினா அடியில கெளம்பற ஆவி வெளிய போக வழி இல்லாம மேல சிவந்து அடியில ஈரமாவே நிக்கும், ஒரு சென்டிமீட்டர் தடிமன் போதும். ஆயிடுச்சான்னு தெரிஞ்சுக்க ஒரு ஸ்பூன் எடுத்து எவர்சில்வர் தட்டுல போட்டு ரெண்டு நிமிஷம் ஆற விட்டு கடிங்க. உடைஞ்சா ஆச்சு. சூட்டோட சூடா கடிச்சுப் பாக்கறதுல ஒண்ணும் தெரியாது.

எண்ணெய்ய ஆரோக்கியம்னு சொல்லி மொத்தமா விட்டுடறவங்க இருக்காங்க, அது எனக்கு சரியாப் படல. எண்ணெய் சூட்ட எல்லா பக்கமும் ஒரே மாதிரி கடத்தும், பல்லுல கடிபடற பதத்த இளக்கும். 1863ல நியூயார்க் மாகாணத்துல டான்ஸ்வில்ங்கற ஊர்ல டாக்டர் ஜேம்ஸ் கேலப் ஜாக்சன் செஞ்ச கிரானுலாதான் இன்னிக்கு கிரானோலாவுக்கு மூதாதை, எண்ணெய் இல்லாம முழு கோதுமை மாவ ரொட்டியா சுட்டு உடைச்சு மறுபடி சுட்டது, அத ராத்திரி முழுக்க ஊற வச்சாத்தான் மெல்லவே முடியும்.

கட்டி கட்டியா வேணும்னா ஒரு முட்டை வெள்ளைக்கருவ நுரைக்க அடிச்சு கலந்து, ட்ரேல அழுத்திப் பரப்பி, சுட்ட பிறகு முழுசா ஆறற வரைக்கும் கிளறாம விடணும். பாகு இறுகற நேரத்துல கரண்டி போட்டா கட்டி எல்லாம் உதிர்ந்துடும்.

திராட்சைய கடைசில போடுங்கன்னு எல்லாரும் சொல்வாங்க, ஓவன்ல அது உப்பி கருகி கல்லாயிடும்ங்கறது ஒரு காரணம். இன்னொண்ணு, உலர்ந்த திராட்சைலயும் சுமார் 15 சதவீதம் தண்ணி இருக்கு, கிரானோலால அதுல கால்வாசி கூட இருக்காது. ஒரே டப்பால மூடி வச்சா அந்த ஈரம் ரெண்டும் சமநிலைக்கு வர்ற வரைக்கும் ஓட்ஸுக்கு நகர்ந்துக்கிட்டே இருக்கும், திராட்சை தோலாயிடும், ஓட்ஸ் நமத்துடும். தனி டப்பால வச்சு சாப்பிடும்போது போட்டுக்கறதுதான் என் கட்சி.

நமத்துப் போச்சுன்னா தூக்கிப் போடாதீங்க. அங்க நடந்தது ஈரம் உள்ள போய் கண்ணாடி இளகினது மட்டும்தான், 130 டிகிரில ஏழெட்டு நிமிஷம் வச்சு ஆற விட்டா ஈரம் போய் திரும்ப இறுகிடும், சென்னை மழைக்காலத்துல கூட இது வேலை செய்யும். கருகினது அப்படி இல்ல, அங்க பொருளே வேற பொருளா மாறிடுச்சு, மேல எவ்வளவு தேன் ஊத்தினாலும் கசப்பு போகாது, கருகினத பொறுக்கி எடுக்கறது ஒண்ணுதான் வழி. சிக்கு வாடையும் அதே மாதிரிதான், நட்ஸ்ல இருக்கற எண்ணெய் காத்துல இருக்கற ஆக்சிஜனோட சேர்ந்து கெட்டுப் போறது, ஆளி விதையும் வால்நட்டும் சீக்கிரம் இதுல மாட்டும். அதனால சூடு முழுசா ஆறின பிறகு காத்துப் புகாத கண்ணாடி பாட்டில்ல போடுங்க, வெதுவெதுப்பா இருக்கும்போது மூடினா உள்ள ஆவி படிஞ்சு அன்னிக்கே நமத்துடும், ஆளி விதை போடறதா இருந்தா ஃப்ரிட்ஜ்ல வச்சுக்கோங்க.