பூட்டிய பீரோவுக்குள் புத்தகம் எதற்கு?

கடலூர் மாவட்டத்துக் கிளை நூலகம் ஒன்றில் நூலகராக இருக்கும் என்னிடம் பெற்றோர் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: "பிள்ளை செல்போனைக் கீழே வைக்கவே மாட்டேன் என்கிறான், சார்." பிள்ளையை ஒருநாளாவது நூலகத்துக்குக் கூட்டி வந்தீர்களா என்று திருப்பிக் கேட்க எனக்குத் தயக்கம் உண்டு, வந்த பிள்ளைகளையே நாங்கள் விரட்டிய காலம் ஒன்று இருந்தது.

நான் முதலில் பணியாற்றிய நூலகத்தில் சிறுவர் நூல்கள் அனைத்தும் மரப் பீரோவில் பூட்டப்பட்டிருந்தன. கிழிந்தாலோ தொலைந்தாலோ தணிக்கையின்போது பதில் சொல்ல வேண்டுமே என்ற அச்சத்தில், சாவியை மேசை இழுப்பறையை விட்டு நானும் வெளியே எடுத்ததில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது ஓடுகள் பெயர்ந்து மழைநீர் நேராக அந்தப் பீரோவுக்குள் இறங்கியது. பக்கங்கள் ஒட்டிக் கட்டியாகிப்போன நூல்களை வெயிலில் பரப்பியபோதுதான் கவனித்தேன்: இரவல் தரும்போது முத்திரை குத்தும் கடைசிப் பக்கத்துத் தேதிச் சீட்டுகள் பலவற்றில் ஒரு முத்திரைகூட இல்லை. அதே வாரத்தில், வீட்டுக் கூரையையே இழந்திருந்த வாசகர் ஒருவர், இரவல் பெற்ற இரண்டு நூல்களைப் பாலிதீன் பையில் சுற்றி, ஈரம் படாமல் கொண்டுவந்து கொடுத்தார்.

நூல்கள் பயன்பாட்டிற்கே என்பதைத் தம் நூலகவியல் விதிகள் ஐந்தில் முதலாவதாக 1931-இல் வகுத்த சீ. இரா. அரங்கநாதன், சிதம்பரத்தைத் தாண்டினால் வரும் சீர்காழியில் பிறந்தவர். தேர்வுக்காக அவ்விதியை மனப்பாடம் செய்திருந்த எனக்கு, அது அந்த வெயிலில்தான் விளங்கியது. (பூட்டு மரத்தில் மட்டும் இருப்பதில்லை, புதுச்சேரியில் 1827-இல் தொடங்கப்பட்ட, இன்று ரோமன் ரோலண்ட் நூலகம் எனப்படும் பொது நூலகம்கூடத் தொடக்கத்தில் ஐரோப்பியருக்கு மட்டுமே திறந்திருந்தது.)

இப்போது சிறுவர் நூல்களைக் குழந்தையின் கைக்கு எட்டும் கீழ்த்தட்டில், அட்டை முகம் தெரியுமாறு வைக்கிறேன். அதைவிடக் கடினமான வேலை, தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் குழந்தையிடமே விட்டுவிடுமாறு பெற்றோரை இணங்க வைப்பது. தேவனாம்பட்டினத்திலிருந்து வரும் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒரே பேய்க்கதைப் புத்தகத்தை நான்காம் முறையாக நீட்டியபோது, "பொது அறிவுப் புத்தகமா பார்த்துக் கொடுங்க சார்" என்றார் அவளுடைய அம்மா. நான் பேய்க்கதைக்கே முத்திரை குத்தினேன். பிடித்ததைத் திரும்பத் திரும்பப் படிக்கும் குழந்தைக்கு வாசிப்பு சரளமாகிறது, படித்து முடித்ததும் "என்ன நீதி தெரிந்துகொண்டாய்?" என்று கேட்கப்படும் குழந்தைக்கோ அடுத்த புத்தகம் வீட்டுப்பாடமாகிவிடுகிறது.

இன்னொன்றையும் பெற்றோர் அறிய வேண்டும். 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின் வழியே நீங்கள் செலுத்தும் சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. ரசீதை எடுத்துப் பார்த்தால் தெரியும். ஆகவே நூலகத்தில் தயங்கி நிற்க வேண்டியதில்லை. குழந்தைக்கும் உறுப்பினர் அட்டை கேளுங்கள், வேண்டிய நூல் இல்லையென்றால் எழுதிக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும் என்று எண்ணியே பலர் வருவதில்லை. எங்கள் வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஞாயிறு காலை திறந்துதான் இருக்கிறது.