மீனும் தயிரும் ஒரே கோப்பையில்: விருத்த ஆகாரம் பற்றிய சில தெளிவுகள்

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையில் மீனும் இறாலும், படுவான்கரையில் நெல்லும் எருமைத் தயிரும் என்று பிரிந்திருந்தாலும், பகல் சாப்பாட்டு வேளையில் அவை யாவும் ஒரே கோப்பையில்தான் வந்து சேர்கின்றன. மீன்குழம்புச் சோற்றை உண்டு முடித்ததும் அதே கோப்பையில் சட்டித் தயிரை இட்டு, வாழைப்பழமும் சீனியும் சேர்த்துப் பிசைந்து உண்டால்தான் நம்மவர்க்கு விருந்து நிறைவு பெறும். அதனால்தான், ஒன்றோடொன்று சேராத உணவுகளை ஆயுர்வேதம் ‘விருத்த ஆகாரம்’ என்று விலக்குவதைக் கேள்விப்படும்போது இங்குள்ளவர்கள் பெரிதும் கலங்கிப்போகிறார்கள்.

ஐந்து வயதுப் பிள்ளையோடு என்னிடம் வைத்தியத்துக்கு வந்த ஒரு தாய், பாலும் மீனும் சேரக்கூடாது என்று கைபேசியில் யாரோ பேசியதைக் கேட்டு, தேங்காய்ப்பாலில் மீன் போட்டு வைக்கும் சொதியைப் பல மாதங்களாக நிறுத்தி வைத்திருந்தார். வீட்டில் எளிதாகக் கிடைத்த நல்ல புரதம் அதுதான், பிள்ளை மெலிந்திருந்தது. “தேங்காய்ப்பாலும் பால்தானே, டொக்டர்?” என்று அவர் கேட்டபோது எனக்கு மிகுந்த வருத்தமாக இருந்தது. ஆயுர்வேதத்தின் பழைய மூலநூலான சரக சம்ஹிதையில், சூத்திரஸ்தானம் என்ற பகுதியின் 26ஆம் அத்தியாயம் மீனோடு சேர்க்க வேண்டாம் என்பது விலங்கின் பாலை. சுவையிலும் செரித்த பின் அடையும் நிலையிலும் இரண்டுமே இனிப்பானவை. ஆனால் வீரியத்தில், அதாவது உடலில் அவை காட்டும் தன்மையில், பால் குளிர்ச்சியும் மீன் வெப்பமும் உடையவையாதலால், அவை கூடி இரத்தத்தைக் கெடுத்து உடலின் நாளங்களை அடைக்கும் என்பது அந்நூல் காட்டும் காரணம். தேங்காய்ப்பாலோ ஒரு வித்தின் சாறு. பெயர் ஒன்றாக இருப்பதால் அந்த விதியை அதன்மேல் ஏற்றக்கூடாது. தேசிக்காய்ப் புளி விட்ட மீன் சொதியை அன்றைக்கே வைத்துக் கொடுக்கும்படி அவரிடம் சொன்னேன்.

அதே அத்தியாயம் விரோதங்களைப் பதினெட்டு வகையாகப் பிரிக்கிறது. சேர்க்கை அவற்றுள் ஒன்று மட்டுமே. இடம், காலம், அளவு, பழக்கம், செரிமானத் தீ, சமைக்கும் முறை ஆகியவையும் அந்த வரிசையில் வருகின்றன. இளவயதினர், உடலால் உழைப்பவர், நன்றாகச் செரிக்கும் வயிறுடையவர், நெடுநாள் பழகியவர், சிறிதளவே உண்பவர் ஆகியோருக்கு விருத்த உணவு தீங்கு செய்வதில்லை என்பதையும் அந்நூலே கூறுகிறது. இதை ஏனோ எவரும் எடுத்துச் சொல்வதில்லை. வயலில் வரம்பு வெட்டிவிட்டு வருபவரின் வயிற்றையும் நாள் முழுவதும் கதிரையில் இருப்பவரின் வயிற்றையும் ஒரே அளவுகோலால் அளக்க முடியாது.

தோலில் வெண்திட்டு உள்ளவர்கள், தாம் உண்ட மீனும் பாலுமே காரணம் என்ற குற்றவுணர்வோடு வருகிறார்கள். தோல்நோய்க் காரணங்களுள் விருத்த உணவையும் பழைய நூல்கள் சேர்த்திருப்பது உண்மை. ஆயினும் வெண்திட்டு என்பது உடலின் எதிர்ப்புச் சக்தி தன் நிறமிக் கலங்களையே அழிப்பதால் உண்டாவது; அது தொற்றுவதுமில்லை. எந்தத் தாயும் தான் சமைத்ததை எண்ணித் தன்னை நோக வேண்டியதில்லை.

நான் உண்மையில் கண்டிப்புக் காட்டுவது வேறு சிலவற்றில். தயிரை இரவில் உண்ணவோ சூடாக்கவோ வேண்டாம் என்பது சரகர் காலத்து விதி. தயிரோடு வாழைப்பழம் சேர்வதை அஷ்டாங்க ஹிருதயம் என்ற மற்றொரு பழைய ஆயுர்வேத நூல் விலக்குகிறது. பீனிசமோ (மூக்கடைப்பு, சளித் தொல்லை) கரப்பனோ உள்ளவர்கள் இவற்றைச் சில வாரங்கள் கைவிட்டு, தமக்கு ஏற்படும் மாற்றத்தைத் தாமே கவனிக்கும்படி சொல்கிறேன். நீரிழிவு இல்லாதவர்கள் பகலில் தயிரோடு சிறிது சர்க்கரையோ தேனோ சேர்ப்பதை நூல்களும் ஏற்கின்றன. தேனைக் காய்ச்சக்கூடாது; உடல் மெலியவென்று கொதிநீரில் கலந்து குடிப்பவர்கள் நீர் ஆறும்வரை பொறுத்திருக்க வேண்டும். ஒரு வயது நிறையாத குழந்தையின் நாவில் மட்டும் தேனை ஒரு துளியேனும் தடவாதீர்கள். அதிலிருக்கக்கூடிய கிருமி வித்துகள் குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கலாம். இதில் வழக்கத்துக்காக விட்டுக்கொடுக்க இடமில்லை. சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிப்பதும் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதைக் குறைக்கும் என்பதால், இரத்தச்சோகை உள்ள பெண்கள் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுவது நல்லது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு கரப்பனுக்காக எப்போதோ விதிக்கப்பட்ட பத்தியத்தை, நோய் மாறிய பின்பும் ஆண்டுக்கணக்கில் காத்து, மீனும் முட்டையும் தொடாமல் சோர்ந்துபோன பெண்களைக் கண்டிருக்கிறேன். நிறுத்தலாம் என்று அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை. ஆதலால் இப்போது மருந்துத் துண்டில் பத்தியம் தொடங்கும் நாளோடு அது முடியும் நாளையும் எழுதிக் கொடுக்கிறேன்.