அளவீடு எப்போது விதியாகிறது?

புள்ளியியலில் 68–95–99.7 விதி, வேதியியலில் எளிய விகித வாய்ப்பாடு (சேர்மத்திலுள்ள அணுக்களின் மிகச்சிறிய முழு எண் விகிதம்), பொருளியலில் தேவையின் நெகிழ்ச்சி (விலை ஒரு விழுக்காடு மாறினால் வாங்கும் அளவு எத்தனை விழுக்காடு மாறும் என்பது) ஆகிய மூன்றும் வெவ்வேறு பாடங்களில் வந்தாலும், அவற்றைக் கணக்கிடும் மாணவர் செய்யும் வேலை ஒன்றுதான்: அளந்து பெற்ற எண்களைக் கொண்டு, அவற்றுக்குப் பின்னால் இருக்கும் ஒழுங்கைக் கண்டறிவது. இந்த அனுபவவழி முறையில் தரவு பாதி வேலையைத்தான் செய்கிறது. அந்த எண்கள் எவ்வாறு உண்டாயின என்பது குறித்து நாம் ஏற்றுக்கொள்ளும் நிபந்தனைதான் மீதிப் பாதியைச் செய்கிறது. விடைத்தாளில் பெரும்பாலும் விடுபட்டுப் போவதும் அந்த நிபந்தனையே.

ஒரு தரவுத்தொகுதி இயல்நிலைப் பரவலை, அதாவது சராசரியின் இருபுறமும் சமச்சீராக மணி வடிவில் அமையும் பரவலை, பின்பற்றினால், சராசரியின் இருபுறமும் ஒரு திட்ட விலக்கத் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்பதன் அளவு) தொலைவுக்குள் ஏறத்தாழ 68 விழுக்காடும், இரண்டுக்குள் 95 விழுக்காடும், மூன்றுக்குள் 99.7 விழுக்காடும் அடங்கும். சராசரியும் திட்ட விலக்கமும் கைக்கு வந்தவுடன் பலரும் இந்த விதியைப் பயன்படுத்திவிடுகிறார்கள். பரவலின் வடிவத்தைப் பார்ப்பதில்லை. ஒரு தொலைபேசி மையத்துக்கு வரும் அழைப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் சராசரி 10 நிமிடம், திட்ட விலக்கமும் 10 நிமிடம் என்க. விதியை அப்படியே பயன்படுத்தினால் 95 விழுக்காட்டு இடைவெளிகள் −10 முதல் 30 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். குறை எண்ணில் ஓர் இடைவெளி இருக்கவே முடியாது என்பதால், இங்கு இயல்நிலைப் பரவல் பொருந்தாது என்று அந்த எண்ணே எச்சரிக்கிறது.

அழைப்புகள் ஒன்றையொன்று சாராமல் சீரான வீதத்தில் வருகின்றன என்றால், இடைவெளிகள், குறுகியவை மிகுதியாகவும் நீண்டவை அரிதாகவும் வரும் அடுக்குக்குறிப் பரவலைப் பின்பற்றும். அப்போது 0 முதல் 20 நிமிடத்துக்குள், அதாவது ஒரு திட்ட விலக்கத்துக்குள், 68 அல்ல, 86 விழுக்காடு அடங்கிவிடுகிறது. இரண்டு திட்ட விலக்கத்துக்குள் அடங்குவதோ சரியாக 95 விழுக்காடு! விதி பலித்துவிட்டது போலத் தோன்றும் இந்த இடம்தான் ஆபத்தானது. இயல்நிலைப் பரவலில் எஞ்சும் 5 விழுக்காடு இருபுறமும் பாதிப் பாதியாகப் பிரியும். இங்கோ முழுவதும் வலப்புறத்தில், 30 நிமிடத்துக்கு மேல் கிடக்கிறது. இயல்நிலை விதியைக் கொண்டு நீண்ட இடைவெளிகளின் பங்கை மதிப்பிடுபவர் உண்மையான பங்கில் பாதியைத்தான் சொல்லியிருப்பார். வடிவம் தெரியாதபோது செபிஷெவ் சமனிலியை நாடலாம். எந்தப் பரவலாயினும் இரண்டு திட்ட விலக்கத்துக்குள் குறைந்தது 75 விழுக்காடு இருக்கும் என்று மட்டுமே அது சொல்கிறது. சொல்வது குறைவானாலும் உறுதியானது.

வேதியியல் மாணவருக்கு இயற்கையே ஒரு பெரிய உதவியைச் செய்திருக்கிறது. பெரும்பாலான சேர்மங்களில் அணுக்கள் சிறிய முழு எண் விகிதத்தில் சேர்கின்றன; ஆகவே ஓரளவு பிழையுள்ள அளவீட்டிலிருந்தும் பிழையற்ற விடையைப் பெற முடிகிறது. மூசையில் (சூடாக்கப் பயன்படும் மூடியுள்ள சிறு கிண்ணத்தில்) 0.36 கிராம் மெக்னீசியம் நாடாவை எரித்தபின் எடை 0.58 கிராம் ஆனது என்போம். சேர்ந்த ஆக்சிஜன் 0.22 கிராம். அணு நிறைகளால் வகுத்தால் மெக்னீசியம் 0.0148 மோல் (அணுக்களின் எண்ணிக்கையைக் குறிக்கும் அலகு), ஆக்சிஜன் 0.0138 மோல், விகிதம் 1 : 0.93. இதை 1 : 1 என்று திருத்துவது நியாயமானது. மூடியைத் தூக்கும்போது வெண்புகையாக ஆக்சைடு சிறிது வெளியேறுவதும், காற்றிலுள்ள நைட்ரஜனோடு மெக்னீசியத்தின் ஒரு பகுதி சேர்வதும் எடையைக் குறைத்தே காட்டும் என்பது தெரிந்த காரணம். சில துளி நீர் விட்டு மீண்டும் சூடாக்கச் சொல்வதும் அந்த நைட்ரைடை ஆக்சைடாக மாற்றுவதற்காகத்தான்.

ஆனால் எல்லாத் தசமங்களையும் இப்படித் திருத்திவிட முடியாது. இரும்பு ஆக்சைடு ஒன்றில் 69.9 விழுக்காடு இரும்பு இருந்தால் இரும்புக்கும் ஆக்சிஜனுக்குமான விகிதம் 1 : 1.50, அதாவது 2 : 3. இரும்பு 72.4 விழுக்காடானால் 1 : 1.33, அதாவது 3 : 4. இரண்டுமே உண்மையான சேர்மங்கள். இடையிலுள்ள வேறுபாடு 2.5 விழுக்காட்டுப் புள்ளிகள் மட்டுமே. ஓர் ஆய்வில் 71.2 விழுக்காடு கிடைத்தால் விகிதம் 1 : 1.41 ஆகிறது. இதை 5 : 7 என்று எழுதுவது எண்களுக்குப் பொருந்தும், வேதியியலுக்குப் பொருந்தாது. மாதிரி இரு ஆக்சைடுகளின் கலவையாக இருக்கலாம், அல்லது அளவீட்டுப் பிழை இரண்டையும் பிரித்தறிய முடியாத அளவுக்குப் பெரிதாக இருக்கலாம் என்று எழுதுவதே சரியான விடை. முழு எண் ஒழுங்குக்கும் விலக்கு உண்டு: வூஸ்டைட் என்னும் இரும்பு ஆக்சைடில் ஓர் ஆக்சிஜனுக்கு இரும்பு ஒன்றுக்குச் சற்றுக் குறைவாகவே இருக்கிறது. மாறா விகிதத்தை வலியுறுத்திய வேதியியலாளர் புரூஸ்டோடு 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வாதிட்டுத் தோற்ற பெர்தொலேயின் பெயரால் இத்தகைய சேர்மங்கள் இன்று பெர்தொலைடுகள் எனப்படுகின்றன.

செறிவு மாறும்போது வினையின் வேகம் எப்படி மாறும் என்று சொல்லும் வினைவேக விதியையும் இதே முறையில்தான் பெறுகிறோம். நைட்ரஜன் டைஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் குறைந்த வெப்பநிலையில் வினைபுரியும்போது, முன்னதன் செறிவை இரட்டித்தால் வேகம் நான்கு மடங்காகிறது. பின்னதை இரட்டித்தால் வேகம் மாறுவதே இல்லை. சமன்செய்த சமன்பாட்டில் இரண்டும் ஒவ்வொரு மூலக்கூறாகவே நிற்கின்றன. அதைப் பார்த்து வினைவகையை (வேகம் செறிவின் எத்தனையாவது அடுக்கைச் சார்ந்தது என்பதை) சொல்ல முற்படுபவர் நிச்சயம் தவறுவார்.

மேற்கண்ட சோதனையில் ஒன்றை மாற்றும்போது மற்றதை மாறாமல் வைக்க முடிந்தது. பொருளியல் மாணவருக்கு அந்த வசதியும் இல்லை, முழு எண்களின் துணையும் இல்லை. பிரிட்டனின் 1861 முதல் 1957 வரையிலான தரவுகளைக் கொண்டு, வேலையின்மை குறைந்தால் கூலி விரைவாக உயரும் என்ற தொடர்பைப் பொருளியலாளர் பிலிப்ஸ் 1958-இல் காட்டினார். ஏறத்தாழ நூறாண்டுத் தரவு தாங்கிய தொடர்புதான். ஆனாலும் 1970-களில் பல நாடுகளில் பணவீக்கமும் வேலையின்மையும் சேர்ந்தே உயர்ந்தபோது, அதை மாறாத விதியாகக் கொள்ள முடியாமல் போனது.

இதைவிட நுட்பமான சிக்கல் தேவைக் கோட்டில் இருக்கிறது. ஒரு பொருளின் பல ஆண்டு விலையையும் விற்ற அளவையும் வரைபடத்தில் குறித்து அவற்றின் ஊடே ஒரு கோடு வரைந்தால், அது தேவைக் கோடு ஆகாது. ஒவ்வொரு புள்ளியும் அந்த ஆண்டின் தேவையும் அளிப்பும் வெட்டிக்கொண்ட இடம். இரண்டும் ஆண்டுதோறும் நகர்ந்திருக்கும்போது, வரைந்த கோடு எதையும் குறிக்காமல் போகலாம். ஆளி விதைச் சந்தையை ஆராய்ந்த பொருளியலாளர் பிலிப் ரைட் 1928-இல் இதற்கு வழி கண்டார். ஏக்கர் விளைச்சல் போல அளிப்பை மட்டும் நகர்த்தும் ஒரு காரணியைப் பிடித்துக்கொண்டால், நகரும் அளிப்புக் கோடு நிலையாக நிற்கும் தேவைக் கோட்டைப் புள்ளி புள்ளியாக வெளிக்காட்டிவிடும். விளைச்சல் குறைந்ததன் விளைவாக மட்டும் விலை 10 விழுக்காடு உயர்ந்து, விற்பனை 5 விழுக்காடு குறைந்தால், தேவையின் நெகிழ்ச்சி −0.5 என்று சொல்லலாம். இத்தகைய காரணியை இன்று கருவி மாறி என்கிறோம்.

விளைச்சல் விலையைப் பாதிக்கிறதா என்பதைத் தரவிலேயே சோதித்துவிடலாம். ஆனால் விளைச்சல் குறைவு விலையின் வழியாக அல்லாமல் வேறெந்த வழியிலும் வாங்குவோரைத் தொடவில்லை என்பதை, இந்த ஒரு கருவி மாறியை மட்டும் கொண்டு அதே தரவால் நிறுவ முடியாது. மோசமான அறுவடை உழவர்களின் வருமானத்தைக் குறைத்து, அவர்களே அப்பொருளை வாங்குவோராகவும் இருந்தால், தேவைக் கோடும் சேர்ந்தே நகர்ந்திருக்கும்; −0.5 என்ற எண் அப்போது நெகிழ்ச்சியாகாது. எனவே வாங்குவோர் யார், அவர்களுடைய வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதை விளக்கும் ஒரு பத்தி, கணினி தரும் அட்டவணைக்கு முன்பாகவே விடைத்தாளில் வர வேண்டும்.