எலிக்கு வந்த கொழுப்பும் நமக்கு வரும் அடைப்பும்

'எலிகளிடம் நடந்த சோதனையில் தமனி அடைப்பு பாதியாகக் குறைந்தது' என்ற வரி நாளிதழிலோ வாட்ஸ்அப்பிலோ வராத மாதம் இல்லை. மருந்தாக இருந்தாலும் பூண்டாக இருந்தாலும் செய்தியின் அச்சு ஒன்றுதான். அது எந்த எலி என்று மட்டும் யாரும் எழுதுவதில்லை. முதலில் கேட்க வேண்டியதே அதைத்தான்.

ஏனென்றால் சாதாரணச் சுண்டெலிக்குத் தமனி அடைப்பு வருவதே இல்லை. அதன் மொத்தக் கொலஸ்ட்ரால் டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராமை ஒட்டித்தான் இருக்கும். அதிலும் பெரும்பங்கு, நாம் நல்ல கொழுப்பு என்று சொல்லும் எச்.டி.எல். எச்.டி.எல்-லிலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்து மற்றத் துகள்களுக்கு மாற்றித் தரும் சி.இ.டி.பி. என்ற புரதம் மனிதனுக்கு உண்டு, சுண்டெலிக்குக் கிடையாது. ஆகவே நோய் வர வேண்டுமென்றால் அதன் மரபணுவிலேயே கை வைத்தாக வேண்டும்.

1992-இல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் தனித்தனியே இதைச் செய்தன. ஒன்று வடகரோலினா பல்கலைக்கழகத்தில் நோபுயோ மயேடாவின் குழு, மற்றொன்று ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜான் பிரெஸ்லோவின் குழு. இருவரும் நீக்கியது அபோ-ஈ என்ற புரதத்தின் மரபணுவை. ரத்தத்தில் மிதக்கும் கொழுப்புத் துகளின் மேல் ஒட்டப்பட்ட விலாசச் சீட்டு மாதிரி அந்தப் புரதம். அதைப் பார்த்துத்தான் கல்லீரல் துகளை உள்ளே இழுத்துக்கொள்ளும். சீட்டு இல்லாவிட்டால் துகள் ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். வெறும் தானியத் தீனியிலேயே இந்த எலியின் கொலஸ்ட்ரால் 400 முதல் 600 வரை ஏறும். எடையில் 21 சதவீதம் கொழுப்பும் சுமார் 0.2 சதவீதம் கொலஸ்ட்ராலும் கலந்த தீனி கொடுத்தால் 1,000-ஐத் தாண்டிவிடும். பத்து வார வயதுக்குள் பெருந்தமனியின் அடிப்பகுதியில், கொழுப்பை விழுங்கி வீங்கிய நுரைச் செல்கள் தெரியும். இருபது வாரத்தில், தமனிச் சுவரில் கொழுப்பு சேர்ந்து நார்த்திசு மூடிய முழுத் திட்டு உருவாகிவிடும்.

அடுத்த ஆண்டே எல்.டி.எல். ஏற்பி, அதாவது கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். துகளைப் பிடித்துச் செல்லுக்குள் இழுக்கும் புரதம், நீக்கப்பட்ட சுண்டெலி வந்தது. பரம்பரையாக அதிக கொலஸ்ட்ரால் உள்ள குடும்பங்களில் காணும் அதே கோளாறு இது. சாதாரணத் தீனியில் இதன் கொலஸ்ட்ரால் 250-ஐ ஒட்டியே நிற்கும், அடைப்பும் பெரிதாக வராது. கொழுப்புத் தீனி தொடங்கும் நாள்தான் நோய் தொடங்கும் நாள். இது ஆய்வாளருக்குப் பெரிய வசதி. இன்னொரு காரணமும் உண்டு. அபோ-ஈ இல்லாத எலிக்கு நல்ல எலியின் எலும்பு மஜ்ஜையைப் பொருத்தினால், புதிய வெள்ளணுக்களே அபோ-ஈ சுரந்து கொலஸ்ட்ராலை இறக்கிவிடும். அப்போது 'வெள்ளணுவில் உள்ள இன்ன மரபணுதான் அடைப்பைக் குறைத்தது' என்று யாராவது சொன்னால், குறைத்தது அந்த மரபணுவா, இறங்கிய கொலஸ்ட்ராலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. மஜ்ஜை மாற்று ஆய்வுக்கு ஏற்பி நீக்கிய எலியைத் தேர்ந்தெடுப்பது இதனால்தான்.

இந்த எலிகள் சொல்லாத ஒன்று உண்டு. மனிதனுக்கு மாரடைப்பு வருவது பெரும்பாலும் இதயத் தமனியில் இருக்கும் திட்டு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைவதால். சுண்டெலியின் திட்டு பெருந்தமனியின் அடியிலும் வளைவிலும் வளர்கிறது, வெடிப்பது மிக அபூர்வம். எனவே இந்த எலியை வைத்துத் 'திட்டு சிறுத்தது' என்று சொல்லலாம், 'மாரடைப்பைத் தடுத்தது' என்று சொல்ல இடமில்லை. போதாததற்கு, பல ஆய்வுகளில் கொழுப்புத் தீனி தொடங்கும் அன்றே மருந்தும் தொடங்குகிறது. முப்பது நாற்பது ஆண்டுகளாகத் திட்டு வளர்ந்த ஒருவருக்கு அது பொருந்துமா என்பது வேறு கேள்வி.

ரத்தக் கொதிப்பின் கதை இதைவிடச் சுவையானது. ரெனின் என்பது முக்கியமாகச் சிறுநீரகம் சுரக்கும் நொதி, ரத்த அழுத்தத்தை உயர்த்தும் வினைத்தொடரைத் தொடங்கிவைப்பது. 1990-இல் ஹைடெல்பெர்க்கில் சுண்டெலியின் ரெனின் மரபணு ஒன்றை, அதைவிடப் பெரிய இனமான ஆய்வக எலிக்குள் செலுத்தினார்கள். எலிக்குக் கடுமையான ரத்தக் கொதிப்பு வந்தது. வியப்பு என்னவென்றால், சிறுநீரகத்தில் ரெனின் அதிகமாகவில்லை, குறைந்திருந்தது. கூடியிருந்தது அட்ரீனல் சுரப்பியில். ரத்தத்தில் ரெனின் குறைவாக இருந்தாலும் அழுத்தம் உயரலாம் என்று அந்த எலி காட்டியது.

மனித ரெனினை மட்டும் எலிக்குள் வைத்தால் ஒன்றும் ஆகாது. ரெனின் வெட்டுவது ஆஞ்சியோடென்சினோஜன் என்ற புரதத்தை. எலியின் ஆஞ்சியோடென்சினோஜனை மனித ரெனினால் வெட்ட முடியாது. பூட்டும் சாவியும் ஒரே இனத்ததாக இருக்க வேண்டும். இரண்டு மனித மரபணுக்களையும் சேர்த்து வைத்த பிறகுதான் கொதிப்பு வந்தது. மனித ரெனினை மட்டுமே நன்றாகத் தடுக்கும் அலிஸ்கிரென் மருந்தைச் சோதிக்க இத்தகைய எலிகள்தான் உதவின. சாதாரண எலியில் சோதித்திருந்தால் பலவீனமான மருந்து என்று ஓரங்கட்டியிருப்பார்கள்.

மரபணுவை முழுதாக நீக்காமல் அதன் பிரதிகளை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று சுண்டெலியில் எண்ணிக் கூட்டிப் பார்த்தவர் மரபியல் ஆய்வாளர் ஆலிவர் ஸ்மித்திஸ். 1995-இல் வந்த முடிவில், ஆஞ்சியோடென்சினோஜன் பிரதி ஒன்று கூடினால் அழுத்தம் ஏறத்தாழ 8 மி.மீ. பாதரசம் ஏறியது. அதே வினைத்தொடரின் அடுத்த நொதியான ஏ.சி.இ-யின் மரபணுவில் இதே கணக்கைப் போட்டபோது ஒன்றிலிருந்து மூன்று பிரதிவரை அழுத்தம் அசையவில்லை. ஆனால் ஏ.சி.இ-யைத் தடுக்கும் மாத்திரைகள் நன்றாகவே வேலை செய்கின்றன! பாதி நொதி குறைந்தால் உடல் ஈடுகட்டிவிடும், மாத்திரையோ பெரும்பகுதியை அடக்கிவிடுகிறது. மரபணுவில் சிறு மாற்றம் தெரிந்த உடனே 'இதுதான் காரணம்' என்று முடிவு கட்டுகிறவர்கள் இந்தச் சோதனையை ஒரு முறை படிப்பது நல்லது.

மி.மீ. கணக்கு வந்தவுடன் அளவீட்டைப் பற்றியும் கேட்க வேண்டும். எலியின் வாலில் பட்டை கட்டி அளப்பது எளிது, செலவு குறைவு. ஆனால் குழாய்க்குள் அடைத்துவைத்த எலி பயந்துபோயிருக்கும். ஐந்து நாளாவது அதே நேரத்தில், அதே ஆள் பழக்கி, அந்த நாட்களின் எண்களைத் தூக்கிப்போட்டுவிட்டுத்தான் கணக்கில் சேர்க்க வேண்டும். வால் வெதுவெதுப்பாக இல்லாவிட்டால் ரத்த ஓட்டமே பிடிபடாது. கழுத்துத் தமனிக்குள் நுண்குழாய் செருகி, தோலுக்கடியில் சிறு டிரான்ஸ்மிட்டர் வைக்கும் டெலிமெட்ரி முறையில் எலி கூண்டில் திரியும்போதே இரவு பகலாக எண் வரும். அறுவைக்குப் பிறகு ஒரு வாரம் பத்து நாள் ஆற விட வேண்டும். வித்தியாசம் 10 மி.மீ-க்குக் கீழே, அளந்ததோ வால் பட்டையில் என்றால் நாம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு கொசுறு: நமக்கு இதமான 22 டிகிரி அறை எலிக்குக் குளிர். 30 டிகிரியில் வைத்தால் அதன் இதயத் துடிப்பும் அழுத்தமும் கணிசமாக இறங்கும்.

திட்டை அளப்பதிலும் இதே பாடுதான். பெருந்தமனியை விரித்து, கொழுப்பைச் சிவப்பாக்கும் சாயம் போடுவார்கள். வெளிச்சுவரில் ஒட்டிய கொழுப்பைச் சுரண்டி எடுக்காவிட்டால் அதுவும் சிவந்து, இல்லாத திட்டு இருப்பதாகத் தெரியும். தமனியின் அடிப்பகுதியை 8 அல்லது 10 மைக்ரான் சீவல்களாக வெட்டும்போது கத்தி சாய்ந்தால், வட்டம் நீள்வட்டமாகி, திட்டின் பரப்பும் பெருகும். மெழுகில் பதித்த திசுவில் கொழுப்புச் சாயம் எடுபடாது, கொழுப்பு முன்பே கரைந்துபோயிருக்கும். அதற்கு உறைய வைத்த திசுதான் வேண்டும்.

எலியின் வம்சமும் ஏமாற்றும். '129' என்ற வம்சத்தில் ரெனின் மரபணு இரண்டு, 'சி57 பிளாக் 6' வம்சத்தில் ஒன்றுதான். முந்தையதில் மரபணுவை நீக்கி, பிந்தையதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. குறைந்தது பத்துத் தலைமுறை பின்கலப்பு செய்து, அதாவது ஒரே வம்சத்தோடு திரும்பத் திரும்பக் கலந்து, ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளையே ஒப்பிட வேண்டும்.

ஆய்வுக்கூடத்தில் நம்பிக்கை தந்தும் மனிதரிடம் கவிழ்ந்த மருந்துகள் உண்டு. சி.இ.டி.பி-யைத் தடுத்து எச்.டி.எல்-லை உயர்த்திய டார்செட்ராபிப், 15,000 பேர் பங்கேற்ற சோதனையில் இறப்பைக் கூட்டியதால் 2006 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. அது ரத்த அழுத்தத்தையும் ஏற்றியது. எல்.டி.எல். ஏற்பியை அழியச் செய்யும் பி.சி.எஸ்.கே.9 என்ற புரதத்தின் கதை எதிர்த்திசை. 2003-இல் அதிக கொலஸ்ட்ரால் உள்ள குடும்பங்களில் அதன் மரபணுவில் மாற்றம் கண்டறியப்பட்டது, 2005-இல் அந்த மரபணு நீக்கப்பட்ட சுண்டெலியின் கொலஸ்ட்ரால் இறங்கியது, 2015-இல் அந்தப் புரதத்தைத் தடுக்கும் ஊசி மருந்து விற்பனைக்கு வந்தது. மனிதரில் தொடங்கி, எலியில் உறுதிசெய்து, மீண்டும் மனிதருக்கு வந்ததுதான் அதன் பலம்.

கடைசியாக, பூண்டு முதல் கறிவேப்பிலை வரை எல்லாச் செய்தியிலும் நடக்கும் ஒரு தப்புக்கணக்கு. எலிக்குக் கிலோவுக்கு 100 மில்லிகிராம் கொடுத்தார்கள் என்றால், 60 கிலோ மனிதருக்கு 6 கிராம் என்று பெருக்கக் கூடாது. உடல் பரப்பளவை ஒட்டிய கணக்கில் சுண்டெலியின் அளவை ஏறத்தாழ 12-ஆல் வகுக்க வேண்டும். கிலோவுக்கு 8 மில்லிகிராம், மொத்தம் அரை கிராம் வரும். அதுவும் சோதனையை எந்த அளவில் தொடங்கலாம் என்று ஆய்வாளர் யோசிப்பதற்கான எண். சமையலறையில் கரண்டியால் அளந்து போட வேண்டிய எண் அல்ல.