வாக்கேயக்காரர்: இயலிசைப் புலவர்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரத்தில், மறக்கப்பட்ட பெண்களின் பாடல்களைத் தேடியெடுத்து நவராத்திரிக் கச்சேரியில் பாட முன்வருவோர், அழைப்பிதழில் 'பெண் வாக்கேயக்காரர்கள்' என்று அச்சிடுமுன் அச்சொல்லின் பொருளை அறிவது நன்று.

வாக்கு என்பது சொல்; கேயம் என்பது பாடப்படுவது. 13ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் இயற்றிய சங்கீத ரத்னாகரம் சொல்லை 'மாது' என்றும் மெட்டைத் 'தாது' என்றும் பிரித்து, இரண்டையும் தாமே ஆக்குபவரையே வாக்கேயக்காரர் என்கிறது. இவ்வரையறைப்படி, மேளகர்த்தா எனப்படும் 72 தாய் இராகங்களிலும் பாடல் புனைந்து இசையும் அமைத்த கல்யாணி வரதராஜன் (1923–2003) ஐயமின்றி வாக்கேயக்காரர். அம்புஜம் கிருஷ்ணா (1917–1989) எழுதிய பாடல்கள் பலவற்றுக்கு இசைவாணர் பிறர் மெட்டமைத்தனர். அவரைப் பாடலாசிரியர் என்பதே பொருந்தும், அதில் சிறுமை ஏதுமில்லை. ஆண்டாளின் திருப்பாவைக்கும் மேடைகளில் பரவலாக ஒலிக்கும் இராகங்கள் அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் அமைத்தவை.

தோட்டத்துப் பெண்களை எங்கே வைப்பது? தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்து வீட்டில் சாவு விழுந்தபோது ஒப்பாரி வைத்தவர்கள், வழிவழி வந்த மெட்டில், பால்மரமாகிய இரப்பர் மரத்தையும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தையும் வேலையை மேற்பார்த்த கங்காணியையும் இழுத்து, இறந்தவர் ஒருவருக்கென்றே அந்த இடத்திலேயே சொல் கட்டினார்கள். பிறர் மெட்டுக்குச் சொல் அமைப்பவரைச் சார்ங்கதேவர் 'குட்டிகாரர்' எனத் தனியே குறிக்கிறார். பெயர்கூட எழுதிவைக்கப்படாத இப்பெண்களுக்கும் கச்சேரியில் இடம் வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

வாக்கேயக்காரருக்கு நேரான தமிழ்ச்சொல் 'இயலிசைப் புலவர்'. இயல் சொல்லையும் இசை மெட்டையும் சுட்டுவதால் மூலச்சொல்லின் இரு கூறுகளும் இதில் உள்ளன. புலவர் என்பது இருபாற்கும் பொது என்பதால் 'பெண்' என்ற அடையும் தேவைப்படாது. 'இசையமைப்பாளர்' என்பது மெட்டோடு நின்றுவிடும்.

சொல்லுக்கும் மெட்டுக்கும் உரியவரைத் தனித்தனியே குறிப்பது நமக்குப் புதிதன்று. சங்க நூலான பரிபாடலின் மூன்றாம் பாடலின் கீழ், கடுவன் இளவெயினனார் பாட்டு, பெட்டனாகனார் இசை, பண் பாலையாழ் என்ற குறிப்பு உண்டு. அழைப்பிதழிலும் ஒவ்வொரு பாடலுக்கும் அவ்வாறே அச்சிடலாம். ஒப்பாரியாயின், பாடிய அம்மாவின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் குடும்பத்தாரிடம் கேட்டு எழுதி, மெட்டு வழிவழி வந்தது என்று சேர்த்தால் போதும்.