ஈரம் காயாத மண்ணில் செடி ஏன் வாடுகிறது?

மாடித் தோட்டத்தில் மிளகாய்ச் செடி தலை தொங்கி நிற்கும். மண்ணைத் தொட்டால் விரலில் ஈரம் ஒட்டும். வாட்டத்தைத் தாகம் என்று எண்ணி மேலும் ஒரு குவளை ஊற்றுகிறோம். பல வேளைகளில் அந்தச் செடிக்குக் குறைந்திருப்பது நீரன்று, காற்று.

நல்ல விளைமண்ணின் கன அளவில் ஏறத்தாழப் பாதிதான் மண்துகள். மீதிப் பாதி துகள்களுக்கு நடுவே உள்ள இடைவெளி. அந்த இடைவெளியைக் காற்றும் நீரும் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒன்று புகுந்தால் மற்றொன்று விலக வேண்டும். காய்ந்த மண்ணில் நீர் ஊற்றும்போது எழும் குமிழிகள் அவ்வாறு விலகும் காற்றே.

பங்கைத் தீர்மானிப்பது துளையின் அளவு. அகன்ற துளைகளில் நிரம்பிய நீரைப் புவியீர்ப்பு கீழே இழுத்துவிட, அந்த இடத்தில் மீண்டும் காற்று புகுகிறது. ஏறத்தாழ 0.03 மில்லிமீட்டருக்கும் குறுகிய துளைகளிலோ, துகள்களின் மேல் ஒட்டிக்கொள்ளும் இயல்பாலும் பரப்பு இழுவிசையாலும் நீர் வடியாமல் தங்கிவிடுகிறது. மணலைவிடக் களிமண்ணில் மொத்த இடைவெளி பொதுவாக அதிகம். ஆயினும் அதில் பெரும்பகுதி நுண்துளைகளாக இருப்பதால்தான் மழைக்குப் பின் அங்கே காற்றுக்கு இடமில்லாமல் போகிறது.

வேரும் சுவாசிக்கிறது. காற்றில் பரவுவதைவிட நீரில் ஆக்சிஜன் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவுவதால், துளைகள் நீரால் அடைபட்டதும் வேர் திணறுகிறது. நீரை உறிஞ்சும் திறனும் குறைகிறது. சுற்றிலும் ஈரமிருந்தும் இலை வாடுவது இதனாலேயே. தண்டிலும் வேரிலும் காற்றறைகள் கொண்ட நெல் போன்ற செடிகளோ தேங்கிய நீரிலும் தழைக்கின்றன.

தொட்டிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நனைந்த பஞ்சு ஒன்றைத் தட்டையாகப் பிடித்து, சொட்டுவது நின்றபின் செங்குத்தாக நிமிர்த்திப் பாருங்கள்: மீண்டும் நீர் சொட்டும். உயரம் கூடினால் வடிவதும் கூடுகிறது. ஆனால் எந்த நிலையிலும் அடிப்பகுதி நீரால் நிறைந்தே இருக்கும். தொட்டி மண்ணும் அப்படித்தான். ஆகவே ஆழம் குறைந்த தொட்டியில் வேர்கள் எளிதில் ஈரத்தில் சிக்கிக்கொள்கின்றன.

வடிவதற்காக அடியில் கூழாங்கற்களைப் பரப்பும் வழக்கம் பரவலாக உள்ளது. அது உதவுவதில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். நுண்துளைகளில் பிடிபட்ட நீர், அந்த மண் நிரம்பி வழியும் நிலையை எட்டும்வரை அகன்ற இடைவெளிக்குள் இறங்காது. கற்களுக்கு மேலேயே தேங்கி, வேர்களுக்கு இன்னும் நெருக்கமாக வந்துவிடுகிறது. பருமணலையோ நொறுக்கிய செங்கல்லையோ தாராளமாக மண் முழுவதும் கலந்தால், அகன்ற துளைகள் மேலிருந்து கீழ்வரை தொடர்ச்சியாக அமைந்து, நீர் வடிந்த வழியே காற்றும் உள்ளே வரும்.